பதினாலு எழுத்து

இருளப்பனுக்கு உலகம் என்பது ஏழாம் பக்கம். மதுரை சிம்மக்கல்லிலிருந்து வெளிவரும் ‘கூடல் நாளேடு’ பத்திரிகையில் இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கத்தை அவர்தான் கட்டினார். எந்தக் கண்டத்தில் பூமி நடுங்கினாலும், எந்த ஊரில் ஆட்சி கவிழ்ந்தாலும், சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவர் மேசைக்கு வந்து, அளவாக வெட்டுப்பட்டு, பக்கத்துக்குள் அடங்கிப் போகும். அடங்காத உலகத்தை அவர் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்தின் இடது கீழ் மூலையில், பாத்திரக்கடை விளம்பரத்துக்கு மேலே, இரண்டு பத்தி அகலத்தில் ஓர் இடம் உண்டு. அது ஈல்வா, பெர்டோஸ்லாவியா சண்டைக்கென்றே ஒதுங்கிப்போன இடம். பனி கொட்டும் மலைநாட்டில் ஓர் ஆற்றுக்கு அக்கரையும் இக்கரையுமாக இரண்டு தேசங்கள். மாதத்துக்கு எட்டுப் பத்து தடவை சுட்டுக்கொள்வார்கள். மதுரைக்காரனுக்கு இதில் கொடுக்கலும் கிடையாது வாங்கலும் கிடையாது. ஆனாலும் சலூனில் முறைக்காகக் காத்திருக்கிறவன் படிக்க ஒரு சண்டை வேண்டுமே. போட்டார்கள்.

பத்திரிகையை ஆரம்பித்த பெரியவர் போய்ச் சேர்ந்து வருடக்கணக்கானது. அவர் வைத்த விதிகள் மட்டும் போகவில்லை. உள்பக்கத் தலைப்பு ஒரே வரிதான், இரண்டாக உடையக் கூடாது. இது ஒன்று. எந்த நாட்டின் பெயரையும் தலைப்பில் சுருக்கக் கூடாது. இது இன்னொன்று. “அடுத்தவன் நாட்டுப் பேரை வெட்டுறது அவன் காதை வெட்டுற மாதிரிய்யா” என்பாராம். நல்ல மனுஷன். அந்த மரியாதையை இருளப்பன் ஒரு நாளும் மீறியதில்லை.

அவருக்கென்று சொந்தமாக ஒரு விதியும் இருந்தது. சண்டைச் செய்தி எவ்வளவு சின்னதானாலும், கடைசி வரியில் செத்தவர்களின் பெயர், வயது, தொழில் மூன்றையும் போடுவார். செய்தி நிறுவனம் அனுப்புகிற பட்டியலை மற்ற பத்திரிகைக்காரர்கள் முதல் வேலையாக வெட்டி எறிவார்கள். இவர் வேறு எதை வெட்டினாலும் அதை வெட்டமாட்டார். “செத்தவனுக்கு ஒரு வரி இல்லேன்னா அப்புறம் என்னத்துக்குப் பேப்பர்?” என்று கேட்பார். யாரும் அந்த வரியைப் படித்ததாகத் தெரியவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை.

போன வருடம் அலுவலகத்தில் ஒரு மென்பொருளை வாங்கி வைத்தார்கள். நிர்வாகம் அதற்கு ‘துணைக்கரம்’ என்று பெயர் சூட்டியது. இருளப்பன் ‘கிளிப்பிள்ளை’ என்றார். அந்தப் பெயர்தான் நிலைத்தது. அவர் எழுதுவதை, அடிப்பதை, திருத்துவதை எல்லாம் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும். விளையாட்டுப் பக்கத்தை ஏற்கெனவே அதுதான் எழுதியது. செய்தி ஆசிரியர் தேவசகாயம் வாரம் ஒரு முறை வந்து, “இருளு, விருப்ப ஓய்வுன்னு ஒண்ணு இருக்குய்யா, யோசி” என்று இளித்துவிட்டுப் போவார். இருளப்பன் யோசிக்கவில்லை. இன்னும் இரண்டரை வருடம் இருந்தது. கிளியிடம் மட்டும், “பேரை விடாதே, கடைசி வரியில பேரை விடாதே” என்று வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்கையில்தான் ஒரு புதன்கிழமை காலை, அவர் செல்லூர் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து லியெஸ்கா இறங்கினாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் தமிழ் படிக்க மதுரைக்கு வந்த ஈல்வா தேசத்துப் பெண். மாடி அறையில் இரண்டு வருடம் குடியிருந்தாள். வகுப்பில் படித்தது இலக்கணம். பேசக் கற்றது இருளப்பனின் மனைவி பேச்சியம்மாளிடம். அதனால் அந்த வெளுத்த முகத்திலிருந்து ‘அங்கிட்டு, இங்கிட்டு’ என்று வார்த்தை விழும்போது தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். இவரை மாமா என்பாள், பேச்சியை அத்தை என்பாள். அவளுடைய அக்கா மார்வி, ஊரில் பாட்டு வாத்தியார், ஒரு கோடையில் வந்து பதினைந்து நாள் தங்கினாள். பதினைந்து நாளில் அவள் கற்றுக்கொண்ட தமிழ் ‘போதும்’ என்ற ஒரே சொல். பேச்சி விடாமல் பரிமாறிக்கொண்டே இருந்தால் வேறு எந்தச் சொல்தான் அவசரமாகத் தேவைப்படும்? ‘போதும், போதும்’ என்று சிரித்துக்கொண்டே தட்டை நீட்டுவாள்.

“ஏத்தா, ஒரு போன் போட்டுட்டு வரக் கூடாதா? திடுதிப்புன்னு வந்து நிக்கிறயே” என்று பேச்சி கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். “மார்வி எப்படித்தா இருக்கா?”

லியெஸ்கா பையைக் கீழே வைக்கவில்லை. உட்காரவும் இல்லை. வேட்டியும் துண்டுமாகச் சாப்பாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த இருளப்பனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

“எங்க ஊரு மேல உங்களுக்கு என்ன மாமா கோவம்?”

இருளப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. “எனக்கா? என்னம்மா சொல்ற?”

அவள் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தாள். எட்டு வருடத்தில் ‘கூடல் நாளேடு’ போட்ட எல்லைச் செய்தித் தலைப்புகள் முழுவதும் வரிசையாக இருந்தன. ஈல்வா தாக்குதல்: 6 பேர் பலி. ஈல்வா தாக்குதல்: 2 பேர் பலி. ஈல்வா தாக்குதல்: 9 பேர் பலி. பக்கம் பக்கமாக அதுவேதான்.

“நாங்க சுட்டா, ஈல்வா தாக்குதல். சரி, சுட்டோம், ஒத்துக்கிறேன். அவுங்க சுட்டா என்ன போடுறீங்க? இந்தா பாருங்க. எல்லையில் மோதல்: 6 பேர் பலி. எல்லையில் மோதல்: 4 பேர் பலி. யாரு சுட்டான்னே இல்ல. எட்டு வருசமா அவுங்க ஒரு குண்டுகூடப் போடலையா மாமா?”

“நீ உள்ளே படிச்சியா? உள்ளே யாரு சுட்டான்னு தெளிவா எழுதியிருப்பேனே.” அவருக்குக் கோபமே வந்துவிட்டது. பரணிலிருந்து பழைய பேப்பர் கட்டை இறக்கித் தரையில் பரப்பினார். “இங்க பாரு. ‘பெர்டோஸ்லாவியா படையினர் சுட்டதில்’. இதைப் பாரு. ‘பெர்டோஸ்லாவியா வீசிய குண்டில்’. கடைசி வரியில பேரு, வயசு, தொழில். நான் ஒருத்தருக்கும் அநியாயம் பண்ணலம்மா.”

“உள்ளே யாரு மாமா படிக்கிறா?”

அவர் குனிந்து தலைப்புகளைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, பத்து என்று பார்த்தார். பிறகு பழக்க தோஷத்தில் விரலால் எழுத்தை எண்ணினார். ‘ஈல்வா தாக்குதல்: 6 பேர் பலி’ பதின்மூன்று. ‘எல்லையில் மோதல்: 6 பேர் பலி’ அதுவும் பதின்மூன்று. ‘பெர்டோஸ்லாவியா தாக்குதல்: 6 பேர் பலி’ பதினேழு. இரண்டு பத்தி அகலத்தில் பதினாலு எழுத்துக்கு மேல் நிற்காது. வரியை உடைக்கக் கூடாது. பேரையும் வெட்டக் கூடாது. அதனால் எட்டு வருடமாக அந்த நாடு தலைப்பில் வரவே இல்லை.

“இடம் பத்தலம்மா” என்றார். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே அசிங்கமாக விழுந்தது.

லியெஸ்கா தரையில், பேப்பர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். “நான் என்னென்னவோ நினைச்சேன். அவுங்க காசு குடுத்திருப்பாங்களோன்னுகூட நினைச்சேன்.”

“அடி ஆத்தி, ஒரு தலைப்புக்கா இம்புட்டுத் தூரம் வந்த?” என்றாள் பேச்சி.

“அத்தை, கதவைச் சாத்துங்க. இதை நான் சொல்லக் கூடாது.”

பேச்சி சாத்திவிட்டு வந்தாள். லியெஸ்கா சொல்லத் தொடங்கினாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு நாடும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆற்றின் மேல் இருக்கும் ஒரே பாலத்தின் கதவை எந்த மனிதனிடமும் கொடுப்பதில்லை; ஓர் இயந்திரத்திடம் கொடுப்பது. அதற்கு ‘நடுவர்’ என்று பெயர். யார் அத்துமீறினார்கள் என்று அது தீர்ப்புச் சொல்லும். இரண்டு பக்கமும் சொல்வதை அது காதில் வாங்காது, ஏனென்றால் இரண்டும் பொய். அதனால் சம்பந்தமே இல்லாத பதினோரு ஊர்களின் பதினோரு பத்திரிகைகளைத் தினமும் படித்துப் பார்த்துப் பழிப்புள்ளி போடும்.

“அச்சடிச்ச பேப்பர் மட்டும்தான். இணையத்துல போட்டா நாளைக்கு நூறு தடவை மாத்துவாங்க. அச்சாயிட்டா மாத்த முடியாதுல்ல. எந்தப் பேப்பர்னு யாருக்கும் தெரியாது, தெரிஞ்சா விலை பேசிருவாங்க. அதுல ஒண்ணு உங்க பேப்பர், மாமா. தமிழை இயந்திரம் ஒழுங்கா மொழிபெயர்க்குதான்னு பார்க்குற வேலை எனக்கு.”

“நம்ம பேப்பரா? சிம்மக்கல்லு பேப்பரா?” இருளப்பன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“உங்களுக்கு எங்க ரெண்டு பேராலயும் நயாபைசா லாபம் கிடையாது. அதான் எடுத்தாங்க. மத்த பத்தும் ஒரு நாள் அங்கிட்டுச் சாயும், ஒரு நாள் இங்கிட்டுச் சாயும். கூட்டிக் கழிச்சா சரியாப் போயிரும். ஒரே பக்கமாச் சாயுறது உங்களுது மட்டுந்தான். நடுவரை மனுசன் படிக்கிற மாதிரியே படிக்கணும்னு செஞ்சிருக்காங்க. மனுசன் தலைப்பைத்தானே படிக்கிறான்? பத்துக்கு ஏழு மதிப்பு தலைப்புக்கு. யாரு சுட்டான்னு தலைப்புல இல்லேன்னா பழியில பாதி எங்க மேல. எங்க நாட்டுக்கு இப்பத் தொண்ணூத்தோரு புள்ளி. நூறு தொட்டா எங்க பக்கத்துக் கதவு விழுந்துரும். நாப்பது நாள். யாரு அழுதாலும் திறக்காது.”

பேச்சி புரிந்துகொண்டவள் போல மெதுவாகக் கேட்டாள். “மார்வி எங்கத்தா இருக்கா?”

“பாலத்துக்கு எங்க பக்கம். ரெண்டு வருசமா அவளுக்குச் சிறுநீரகம் வேலை செய்யல அத்தை. வாரம் மூணு தடவை ரத்தம் சுத்தி பண்ணணும். அந்த ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம், அவுங்க ஊர்ல. எங்க தலைநகருக்குக் கூட்டிப் போலாம்னா மலைப்பாதையைப் பனி அடைச்சிருச்சு. கதவு விழுந்தா அவ பத்து நாள் தாங்க மாட்டா.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இன்னும் பதினாறு நாள். பதினாறு நாள் தாண்டிட்டா போன வருசத்துப் புள்ளி நாப்பது காலாவதியாயிரும். அதுக்கப்புறம் பயமில்ல.”

“அவ்வளவுதானே?” இருளப்பன் துள்ளி எழுந்தார். “நாளைக்கே மாத்திடறேன். விதியாவது ஒண்ணாவது. ரெண்டு வரியில போடறேன்.”

“கூடாது மாமா. ஒரு பேப்பர் திடீர்னு புத்தி மாறுனா, யாருக்கு லாபமோ அவுங்க வாங்கிட்டாங்கன்னு நடுவர் முடிவு பண்ணும். ஒரே நாள்ல முப்பது புள்ளி எங்க தலையில ஏறும்.”

“சரி, எல்லைச் செய்தியே போடாம விட்டுடறேன்.”

“போடலேன்னா, கடைசியாப் போட்டதையே திரும்ப எண்ணிக்கும்.”

“நீ போயி அந்த ஒப்பந்தக்காரங்ககிட்டச் சொல்லேன். இடம் பத்தாமதான் இப்படி ஆச்சுன்னு.”

“தலைப்பு ஒருதலையா இருக்குன்னு ரெண்டு வருசமாச் சொல்றேன். மொழிபெயர்ப்புல பிழை இருக்கான்னாங்க. இல்லேன்னேன். அப்பக் கையெழுத்துப் போட்டுட்டுப் போன்னாங்க. இன்னிக்கு நான் இங்க வந்தது தெரிஞ்சா எனக்கு ஜெயில். அதுகூடப் பரவாயில்ல. ஈல்வாக்காரி பேப்பரை வளைக்கப் போனான்னு அன்னிக்கே கதவை இறக்கிரும். நீங்க வேற யார்கிட்டயாவது சொன்னாலும் அதேதான்.”

இருளப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எழுதினாலும் குற்றம், மாற்றினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றம். வாயைத் திறந்தாலோ அதைவிடக் குற்றம். இரண்டு பக்கமும் எரிகிற கட்டையில் எறும்பு மாட்டிக்கொள்ளும் என்பார்கள். இதில் நாலு பக்கமும் எரிந்தது. பேச்சி ஆறிப்போன சோற்றுத் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

“ஒரே ஒரு வழி இருக்கு” என்று லியெஸ்கா ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். “வேணாம் மாமா.”

“சொல்லும்மா.”

“எழுதுற ஆளு மாறுனா, நடுவர் அந்தப் பேப்பரை முப்பது நாள் ஒதுக்கி வைக்கும். புது ஆளு எப்படி எழுதுறாருன்னு பழகிக்கிறதுக்கு. அந்த முப்பது நாளும் கணக்குல சேர்க்காது. உங்க பேப்பர் இல்லேன்னா எங்க புள்ளி நூறைத் தொடாது. பேரை வச்செல்லாம் அது கண்டுபிடிக்காது, பேரு பொய்யா இருக்கலாம்ல. கையை வச்சுத்தான் கண்டுபிடிக்கும். எந்தச் சொல்லு, எந்த வரிசை, எதை முதல்ல, எதைக் கடைசியில. அந்தக் கை மாறணும்.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “சத்தியமா நான் இதைக் கேட்க வரல.”

அவர் பேச்சியைப் பார்த்தார். பேச்சி அவரைப் பார்த்தாள்.

“என்னைய ஏன் பாக்குறீக? தட்டை நீட்டிக்கிட்டுச் சிரிச்ச பிள்ளை. விட்டுருவீகளாக்கும்?” என்றாள்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு அலுவலகம் போனதும் இருளப்பன் நேராகத் தேவசகாயத்தின் அறைக்குள் நுழைந்தார். “நீங்க சொன்ன விருப்ப ஓய்வை எடுத்துக்கிறேன் சார். இன்னியோட.”

தேவசகாயத்துக்கு வாயெல்லாம் பல். காரணம்கூடக் கேட்கவில்லை. ஒரு வருடமாகத் தட்டிக்கொண்டிருந்த கதவு தானாகத் திறந்தால் யார் காரணம் கேட்பார்கள்? “பக்கத்தை யாருக்குக் கொடுப்பீங்க?” என்று இருளப்பன்தான் கேட்டார்.

“ஷமீமாவுக்கு. வேற யாரு.”

நிம்மதியாக இருந்தது. பக்கத்து மேசை ஷமீமா, ஆறு வருட அனுபவம், சுயபுத்திக்காரி, இவர் ஒன்று சொன்னால் அவள் வேறொன்று செய்வாள். நான்கு மணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், வடை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். ஆளாளுக்கு ஒரு பொய் சொல்லிப் பாராட்டினார்கள். கடைசி முறையாக ஏழாம் பக்கத்தை முடித்துவிட்டுக் கிளம்பும்போது அவர் ஷமீமாவைத் தனியே கூப்பிட்டார்.

“ஏம்மா, என்னை மாதிரி எழுதாதே. உன் இஷ்டத்துக்கு எழுது. தலைப்பு, வரி, எல்லாம் உன் கையா இருக்கணும்.”

“சார், உங்களை மாதிரி யாரு எழுத முடியும்?” என்றாள் அவள் கண் கலங்கி. அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள். அவருக்கு அதற்கு மேல் விளக்க வழியில்லை.

லியெஸ்கா அன்றைக்கே விமானம் ஏறிவிட்டாள். இருளப்பன் வீட்டில் உட்கார்ந்தார். மதியம் இரண்டு மணியானால் கால் தானாகச் செருப்பைத் தேடியது. ஏழாம் பக்கம் இல்லாத உலகம் என்ன செய்வதென்று தெரியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் மனசு லேசாகத்தான் இருந்தது. முதல் நாள் எல்லையில் சண்டை இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. “பாரு பேச்சி, நான் விலகுனதும் அவன்களுக்கே அலுத்துப் போச்சு” என்று கேலி பேசினார்.

மூன்றாம் நாள் காலை பேப்பர் வந்தது. இடது கீழ் மூலையில், பாத்திரக்கடைக்கு மேலே: ஈல்வா தாக்குதல்: 2 பேர் பலி.

சரி, ஷமீமாவுக்கும் அதே இடம்தானே, அவளும் அப்படித்தான் போடுவாள், கை வேறாக இருந்தால் கணக்கில் வராது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே படித்தார். முதல் வாக்கியமே அவருடையது. ஊர்ப் பெயரை முதலில் வைத்து, நேரத்தை அடுத்து வைத்து, ‘எனத் தெரிகிறது’ என்று முடிக்கும் அந்த நடை. இடையில் அவருக்கே உரிய ‘இதற்கிடையே’. கடைசி வரியில் இரண்டு பெயர், வயது, தொழில். இதை எழுதியது யார் என்று கேட்டிருந்தால், நான்தான் என்று அவரே கோர்ட்டில் சொல்லியிருப்பார்.

ஷமீமாவுக்குப் போன் போட்டார்.

“நான் இல்ல சார். எனக்கு மொத்தம் மூணு பக்கம் கொடுத்துட்டாங்க. ஏழாம் பக்கத்துக்கு என் பேரு மட்டுந்தான். எழுதுறது கிளி. உங்க இருபத்திரண்டு வருஷத்தையும் அதுக்கு ஊட்டி விட்டிருக்காங்க. உங்களுக்கு மரியாதை பண்ணணும், இருளு நடை ஒரு இம்மிகூட மாறக் கூடாதுன்னு தேவசகாயம் சாரே நின்னு பார்த்தாரு. நல்லா வந்திருக்குல்ல சார்?”

அவர் எதையோ சொல்லிப் போனை வைத்தார். சாயங்காலம் தொலைதேசத்திலிருந்து ஒரே ஒரு வரி வந்தது. ‘கை மாறல மாமா. 93.’

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அவர் அலுவலகத்தில் இருந்தார். காவலாளி வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னான். ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று திகைத்து, ஷமீமா என்று எழுதினார்.

“ஒரே ஒரு நாள், அந்த எல்லைச் செய்தியை நீ கையால எழுதும்மா. வேற எதுவும் வேணாம்.”

“கிளி போட்டதை மாத்தினா ஏன் மாத்தினேன்னு மேல எழுதிக் கொடுக்கணும் சார். என்னன்னு எழுத?”

அவரிடம் பதில் இருந்தது. அதைச் சொன்ன நிமிடம் கதவு விழும்.

தேவசகாயத்திடம் போனார். “அந்த நடை வேண்டாம் சார். பழசு. மாத்திடுங்க.”

“அட போய்யா. உன் நடைக்குத்தான் வாசகன் இருக்கான். வேலையை விட்டதும் ஏக்கம் வரும், எல்லாருக்கும் வரும். வேணும்னா திரும்பி வந்து சேர்ந்துக்கிறியா? ஆலோசகர்னு போட்டுக்கலாம்.”

திரும்பி வந்து என்ன செய்ய? அவர் எழுதினாலும் அதே கைதான். மேசைக்கு அந்தப் பக்கம் கிளியின் திரை தெரிந்தது. ஏழாம் பக்கத்தை அது அடுக்கிக்கொண்டிருந்தது. அவர் தயங்குகிற இடத்தில் தயங்கி, வெட்டுகிற இடத்தில் வெட்டி, ஒரு தலைப்பைப் போட்டுப் பார்த்து அழித்து, பதினாலு எழுத்துக்குள் அடக்கியது. திரையை அப்படியே பிடுங்கி எறியலாம் போல அவருக்கு இருந்தது. எறிந்தால் அவரைப் பைத்தியம் என்பார்கள், அது அடுத்த நாளும் எழுதும்.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் விடிந்ததும் பேப்பருக்குக் காத்திருந்து பார்ப்பதுதான். 93, 95, 96 என்று லியெஸ்காவிடமிருந்து எண் வரும். இடையில் இரண்டு தடவை பெர்டோஸ்லாவியாதான் சுட்டது. ‘எல்லையில் மோதல்’ என்று கிளி அவர் வளர்ப்புக்குத் தகுந்தபடி எழுதியது. பேச்சி மீனாட்சிக்கு விளக்குப் போட்டாள். “ஏங்க, அந்த ஊர்க்காரனுக பன்னெண்டு நாளைக்குச் சும்மா இருக்க மாட்டானுகளா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் அவர்களுக்கு எதற்கு நடுவர்?

பதின்மூன்றாம் நாள், இன்னும் மூன்றே நாள் இருக்கையில், எண் வரவில்லை. ‘விழுந்துருச்சு மாமா’ என்று மட்டும் வந்தது.

பேச்சி அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. இருளப்பன் லியெஸ்காவுக்கு எத்தனையோ தடவை எழுதி எழுதி அழித்தார். என்ன எழுதினாலும் அது ஏழாம் பக்கச் செய்தி போலவே வந்தது. கடைசியில் ‘அக்கா எப்படி இருக்கா’ என்று கேட்டார். ‘பாடுறா’ என்று ஒரு நாள் பதில் வந்தது. ‘தூங்குறா’ என்று ஒரு நாள். பிறகு பதில் இல்லை.

கதவு விழுந்து பதினோராம் நாள் காலை, அவர் தெருமுனை டீக்கடையில் நின்றார். வீட்டுக்கு வரும் பேப்பரை நிறுத்தியிருந்தார். ஆனால் கண் என்ன கேட்கவா செய்யும்? பெஞ்சில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் சோலைமலை ‘கூடல் நாளேட்டை’ப் புரட்டிக்கொண்டே வந்து ஏழாம் பக்கத்தில் நின்றார்.

“பாலம் மூடல்: 4 பேர் பலி” என்று சத்தமாகப் படித்தார். “எந்த ஊர்ப் பாலம் சார்? நீங்கதான் இதெல்லாம் பார்த்தவரு.”

இருளப்பன் கையை நீட்டிப் பேப்பரை வாங்கிக்கொண்டார். ஊர்ப் பெயர் முதலில் இருந்தது. நேரம் அடுத்து. இதற்கிடையே. எனத் தெரிகிறது. கடைசி வரிக்குப் போகாமல் நின்றார். பிறகு போனார். மூன்று பெயர்களுக்குப் பிறகு நான்காவதாக, மார்வி, 47, இசை ஆசிரியை. பெயரில் பிழையில்லை, வயதில் பிழையில்லை. பேரை விடாதே, பேரை விடாதே என்று அவர்தானே சொல்லிக்கொடுத்தார்? கிளி விடவில்லை.

டீ மாஸ்டர் கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று கேட்டார். “போதும்” என்று சொல்ல வாயெடுத்த இருளப்பன், சொல்ல முடியாமல் கையைக் காட்டினார்.

“ஏன் சார், யாரு மூடுனதாம்?” சோலைமலை எட்டிப் பார்த்தார். “தலைப்புல அதைப் போடலையே.”

இருளப்பன் பேப்பரை மடித்து அவரிடம் கொடுத்தார்.

“இடம் பத்தியிருக்காதுண்ணே.”